மாமா எண்ணிய ஆட்டம்

டென்னிஸில் பதினைந்து, முப்பது என்று வந்துவிட்டு அடுத்தது ஏன் நாற்பது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "தெரியாது, அப்படித்தான்" என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். காணாமற்போன அந்த ஐந்தைச் சொந்த நட்டமாக எடுத்துக்கொண்டு, அதை யார் எடுத்தது என்று ஓடுகிற பஸ்ஸில் விசாரணை நடத்திய மனிதர் ஒருவர்தான். அவர் என் மாமா. அம்மாவின் அண்ணன்.

எங்கள் வீடு திருகோணமலைக்கு வடக்கே, சல்லி என்ற ஊரின் கடற்கரையில். எங்கள் ஆட்கள் கரையில் நின்று கயிற்றால் கரைவலை இழுப்பவர்கள். குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். புலமைப் பரிசில் பரீட்சை எழுதித் திருகோணமலை நகரத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு எடுபட்ட முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிரும். அதை மாற்றிக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அந்தப் பெருமைக்காக நான் வீட்டில் பட்ட பாடு கொஞ்சமல்ல. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு எல்லாமே தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய முடிவு. மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது, நிலாவெளி ஹோட்டலிலிருந்து நடந்து வந்த வெள்ளைக்காரி வலையைக் காட்டி என்ன கேட்கிறாள், ரேடியோவில் ஏன் சத்தம் வரவில்லை, எல்லாம் என்னிடம்தான் வரும். தெரியாது என்றால் மாமா விடமாட்டார்.

"பிறகு என்னத்துக்குப் பிள்ளை விடியக்காலமை பஸ் ஏறிப் போறாய்?"

இப்படிக் கேட்டுவிட்டு மருந்துப் போத்தலைத் திரும்பவும் என் கையில் தருவார்.

ஏழாம் வகுப்பில் எனக்கு டென்னிஸ் வந்து சேர்ந்தது. பழக்க வந்த ஆசிரியர், நாங்கள் சேர் என்று கூப்பிடுவோம், எங்களைப் பந்து எறியச் சொல்லிப் பார்த்தார். நான் எறிந்த பந்து மதிலுக்கு வெளியே போனது. கரைவலைக் கயிற்றில் தொங்கி வளர்ந்த தோள் அது, சேருக்குப் பிடித்துவிட்டது. துறைமுகத்தை ஒட்டியிருந்த ஒரு பழைய கிளப்பின் இரண்டு கோர்ட்டுகளைப் பின்னேரங்களில் எங்களுக்குத் தருவார்கள். தரை அங்கங்கே வெடித்திருக்கும். கோட்டைப் பக்கத்து மான்கள் நடுவில் கட்டிய நெற் வலையின் நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். அவற்றைக் கலைத்துவிட்டுத்தான் ஆட்டம் தொடங்கும். அவை கலைந்து போகிற விதத்தில், இடத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பது நன்றாகத் தெரியும்.

சேருக்குப் புள்ளிவிபரத்தில் ஒரு பைத்தியம் இருந்தது. கொழும்பில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்த நாள் முதல், அவருக்கு வெற்றி தோல்வி மட்டும் போதவில்லை. யார் நெற்றில் அடித்தாள், யார் வெளியே அடித்தாள், எத்தனை புள்ளி தானாக எடுத்தாள், எத்தனை மற்றவள் விட்ட பிழையால் வந்தது, இவ்வளவும் வேண்டும். இரண்டு கோர்ட்டிலும் ஒரே நேரத்தில் அவர் நிற்க முடியாது. அதனால் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவர வேண்டும், அந்த ஆள் கோர்ட் ஓரத்து நீள வாங்கில் உட்கார்ந்து குறிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்.

கண்டியில் நடக்கவிருந்த போட்டிக்கு அணி தெரிவாகிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு இடம் மிச்சமிருந்தது. அதற்கு இரண்டு பேர்: நானும், துறைமுகக் குடியிருப்பில் இருந்த ஒருத்தியும். அவளும் என் வகுப்புத்தான். அவளுடைய அப்பா துறைமுகத்தில் உத்தியோகம். எங்கள் இரண்டு பேரையும் ஒரு செட் ஆட விட்டு, ஸ்கோரையும் புள்ளிவிபரத்தையும் பார்த்து முடிவு சொல்வதாகச் சேர் சொன்னார். நான் அதுவரை தம்பலகாமத்துக்கு அப்பால் போனதில்லை. கண்டி என்றால் மலை, குளிர், பள்ளிக்கூடத்தின் பெயர் எழுதிய உடுப்போடு பஸ்ஸில் போவது. அந்த இடம் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

அப்பா கடலுக்குப் போய்விடுவார். அம்மா நகரத்துப் பெண்களுக்கு நடுவில் வாங்கில் இருக்க வெட்கப்பட்டார். அதனால் மாமா வந்தார்.

மாமா எங்கள் கரையில் பங்கு பிரிக்கிறவர். வலை ஏறியதும் மீனைத் தரம்தரமாகக் குவித்து, வலைக்காரருக்கு இவ்வளவு, கயிறு இழுத்தவர்களுக்கு இவ்வளவு என்று பிரித்துப் போடுவது அவருடைய வேலை. அவர் பிரித்தால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆகவே எண்ணுவதற்கு என்று யாராவது கூப்பிட்டால், கோயில் தர்மகர்த்தாவாக நியமித்ததுபோல எடுப்பாக வருவார். சேர் நீட்டிய தாளையும் பேனையையும் அவர் வாங்கவில்லை. கொண்டுவந்த வாளியைத் திறந்தார். உள்ளே வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளும் இரண்டு வெறும் பால்மாத் தகரப் பேணிகளும் இருந்தன.

"இது பிள்ளைக்கு, இது மற்றப் பிள்ளைக்கு. பிழை விட்டால் எதிராளியின்ர பேணிக்குள்ள ஒண்டு விழும். சரிதானே சேர்?"

சேர் மற்றக் கோர்ட்டுக்கு ஓடிக்கொண்டே சரி என்றார். யோசித்துப் பார்த்தால், அன்று நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் சேர் ஓடிக்கொண்டே சொன்ன அந்த ஒரு சொல்தான்.

அந்த ஆட்டத்தை நான் எப்படி ஆடி முடித்தேன் என்று எனக்கே தெரியாது. பந்து வெளியே போனதும் பேணிக்குள் குண்டு விழுந்து 'டங்' என்று ஒரு சத்தம். நான் அடுத்த பந்தை மேலே போட்டு அடிக்கப் போகும்போது, தாமதமாக யோசித்து முடித்த மாமா இன்னொரு குண்டைப் போடுவார். 'டங்.' மற்றவள் மட்டையை இறக்கிவிட்டு, "அங்கிள், அந்தச் சத்தம்" என்று கெஞ்சினாள். மாமா மன்னிப்புக் கேட்டு, தோளில் கிடந்த துவாயை இரண்டாகக் கிழித்துப் பேணிகளுக்கு அடியில் வைத்தார். அவள் முகம் கறுத்தது. என் முகம் அதற்கு முன்பே கறுத்துப் போயிருந்தது.

அவளுடைய சேர்வ், புள்ளியைத் தொடங்கி வைக்கிற அடி, பீரங்கி மாதிரி வரும். எங்கே விழும் என்பது மட்டும் பீரங்கிக்கே தெரியாது. முதல் சேர்வ் வேலியில் போய் மோதும். இரண்டாவதை மெதுவாகத் தட்டி உள்ளே போட்டுவிடுவாள். நான் பீரங்கி விடுவதில்லை. ஒழுங்காக உள்ளே போட்டு ஓடுவேன். இப்படியே இழுபட்டு இழுபட்டு, கடைசியில் ஏழுக்கு ஐந்து என்று நான் தோற்றேன்.

கை கொடுத்துவிட்டுத் திரும்பினால், மாமா வாங்கில் ஏறி நிற்கிறார்.

"சேர், இஞ்ச வாங்கோ! இதென்ன நியாயம்? எங்கட பிள்ளையின்ர பேணியைத் தூக்கிப் பாருங்கோ. பிறகு அதைத் தூக்கிப் பாருங்கோ!"

மான்கள்கூட எழுந்து நின்றன. சேர் வந்தார். இது டென்னிஸ், கேம் கேமாகத்தான் பார்ப்பது, கூடுதல் புள்ளி எடுத்தவர் தோற்பதும் உண்டு என்று பொறுமையாகச் சொன்னார். மாமாவுக்கு அது ஏறவில்லை. வலையில் கூடுதலாக மீன் பட்டவனுக்குக் குறைந்த பங்கா என்று கேட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வெடிப்புகளில் ஒன்று கொஞ்சம் பெரிதாகத் திறந்திருந்தால் உள்ளே போயிருப்பேன்.

ஆனால் சேர் ஒரு வேலை செய்தார். பேணிகளைக் கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு குந்தியிருந்து இரண்டையும் கொட்டி எண்ணினார். மற்றவள் கூட்டிவந்த அக்கா தாளில் குறித்துக்கொண்டிருந்தவர், பாதியில் தொலைபேசியில் அழைப்பு வந்ததும் விட்டுவிட்டார். ஆகவே முழுசாக இருந்தது மாமாவின் ஈயம் மட்டும்தான். எண்கள் என்று வந்தால் சேரின் முகம் இளகிவிடும்.

"ஸ்கோர் அவளுக்கு. புள்ளி இவளுக்கு, அதுவும் நல்லாக் கூட," என்றார். "யோசிக்கத்தான் வேணும். நாளைக்குச் சொல்லுறன்."

நாளைக்கு! தோற்ற எனக்கு ஒரு நாளைக்கு! வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்த மாமாவை, பஸ் நிற்கும் இடம் வரும்வரை, நான் மனதாரக் கும்பிட்டேன்.

பிறகு பஸ் ஏறினோம்.

பஸ்ஸில் அவர் சும்மா வந்திருக்கலாம். கடலைப் பார்த்திருக்கலாம். இல்லை. ஆட்டத்தை முதலிலிருந்து விளங்கப்படுத்தச் சொன்னார். நாளைக்குச் சேரோடு கதைக்கும்போது தனக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமாம். நானும் படித்த பிள்ளை அல்லவா. நிமிர்ந்து உட்கார்ந்து தொடங்கினேன்.

"முதல்ல ரெண்டு பேருக்கும் லவ்."

"என்ன?" என்றார் முன் இருக்கையில் வெறும் மீன் கூடையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா, திரும்பி.

"சைபர், அம்மா. சைபரை அப்பிடிச் சொல்லுறது."

"அப்ப சைபர் எண்டே சொல்லு பிள்ளை. பஸ்ஸுக்குள்ள வேற கதை வேண்டாம்."

முதல் புள்ளிக்குப் பதினைந்து, அடுத்ததற்கு முப்பது, அடுத்ததற்கு நாற்பது என்றேன். மாமா கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"பதினைஞ்சும் பதினைஞ்சும் முப்பது. முப்பதும் பதினைஞ்சும்?"

"நாப்பத்தைஞ்சு. ஆனா நாப்பது எண்டுதான் சொல்லுறது, மாமா."

"அந்த அஞ்சை ஆர் எடுத்தது?"

"ஒருத்தரும் எடுக்கேல்ல."

"ஒருத்தரும் எடுக்காம எப்பிடிப் பிள்ளை குறையும்?"

டிக்கட் கொடுத்துக்கொண்டு வந்த கண்டக்டர், அம்பயர் எடுத்திருப்பார் என்றார். கூடைக்கார அம்மா, எங்கேயும் நடுவில் நிற்கிறவனுக்கு ஒரு பங்கு போகத்தானே செய்யும் என்றார். மாமாவுக்கு அது ஓரளவு நியாயமாகப் பட்டது. எனக்கு ஆத்திரம் வந்தது. இரண்டு பேரும் நாற்பது என்றால் டியூஸ், பிறகு ஒருத்திக்கு அட்வான்டேஜ், அவள் விட்டால் திரும்பவும் டியூஸ் என்று நான் சொல்லச் சொல்ல, "அப்ப இது விடியும் வரைக்கும் முடியாதெல்லோ" என்று கண்டக்டர் கவலைப்பட்டார். உப்புவெளி தாண்டும் வரை இதே கதை. பஸ்ஸில் பாதிப் பேருக்கு டென்னிஸ் தெரிந்துவிட்டது. மாமாவுக்குத் தெரியவில்லை.

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எதிராளியைப் பற்றி மாமா ஒரு சொல் சொன்னார்: அந்தப் பெட்டை அடித்த அடி என்ன அடி என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அடி பெரிசுதான். உள்ள விழுந்ததோ? அவளின்ர முதல் சேர்வ் முக்கால்வாசியும் வெளியதானே."

"ஓம், ஓம். நான் போட்டனான். ஒவ்வொண்டுக்கும் உன்ர பேணிக்குள்ள ஒண்டு போட்டனான்."

"அதுக்குப் போடத் தேவையில்லை, மாமா. முதல் சேர்வ் பிழைச்சால் கணக்கில்லை. இன்னொருக்காப் போடலாம். ரெண்டும் பிழைச்சால்தான் புள்ளி."

சொன்னேன். என் வாயால், தெளிவாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரியே சொன்னேன்.

மாமா வாளியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். திரும்ப மூடினார். பிறகு எங்கள் சந்தி வரும்வரை வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கூடைக்கார அம்மா, "என்ன, ஐயாவுக்குச் சுகமில்லையோ?" என்று என்னிடம் கேட்டார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. என் பேணி கனத்தது நான் எடுத்த புள்ளிகளால் அல்ல. அவள் வேலிக்கு அடித்த பந்துகளால்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மாமா சொன்னார்: "நாளைக்கு நான் சேரைக் காண வேணும்."

வீட்டில் அன்று நடந்ததுதான் பெரிய ஆட்டம். அம்மா என் பக்கம். "அண்ணா, உங்களுக்கு என்ன? அந்தச் சேர் கேட்டவரோ? தானா வந்ததைக் கெடுக்காதேங்கோ." அப்பா வலைக்கயிறு முறுக்கிக்கொண்டே, கண்டியில் குளிர் அதிகம், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்றார், அவர் யார் பக்கம் என்று அவருக்கும் தெரியவில்லை. நான் காலைப் பிடிக்காத குறை. ஒருவருக்கும் தெரியாது மாமா, சேருக்கே தெரியவில்லை, எப்படிப் போட்டீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை என்று எத்தனை விதமாகச் சொன்னேன்!

"அந்தப் பெட்டையின்ர பங்கு என்ர வாளிக்குள்ள கிடக்குது, பிள்ளை," என்றார். அவ்வளவுதான். சோறு கேட்டார்.

எங்கள் கரையில் ஒரு முறை உண்டு. பங்கு பிரிக்கிறவர் ஒருவருக்குக் குறைத்துப் பிரித்துவிட்டால், அவரே மீனோடு அந்த வீட்டு வாசலுக்குப் போய்ப் பிழை தன்னுடையது என்று வாயால் சொல்ல வேண்டும். ஆள் அனுப்பக்கூடாது, மற்ற நாள் கூட்டிப் போட்டுச் சரிக்கட்டவும் கூடாது. மாமா அப்படி ஒரு வீட்டுக்கும் போக வேண்டி வந்ததாக அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. என் கண்டிப் பயணத்தில்தானா அந்த வழக்கத்தைத் தொடங்க வேண்டும்?

மறுநாள் முதலாம் பாடம் நடக்கும்போது, பள்ளிக்கூட வாசலில் ஒரு ஆள் கையில் மீனோடு நிற்கிறார், காவலாளி உள்ளே விடவில்லை, சேரைக் கேட்கிறார் என்று செய்தி வந்தது. வகுப்பு முழுவதும் ஜன்னலுக்கு ஓடியது. நான் ஓடவில்லை. புத்தகத்தில் இருந்த ஒரே வரியை மணி அடிக்கும்வரை வாசித்துக்கொண்டிருந்தேன். சேர் வாசலுக்குப் போனாராம், தலையைத் தலையை ஆட்டினாராம், திரும்பி வந்தாராம்.

மீன் சேருக்கு இல்லை. அது துறைமுகக் குடியிருப்புக்கு. அங்கே நடந்ததை அவளே அடுத்த நாள் எனக்குச் சொன்னாள், சிரித்துச் சிரித்து. அவளுடைய அம்மா கதவைத் திறந்து, நல்ல அறுக்குளா, என்ன விலை, வெட்டித் தருவீர்களா என்று கேட்டாராம். மாமா குசினிப் பக்கம் போய், கத்தி வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, கழுவி, சட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்த பிறகுதான் விஷயத்தைத் தொடங்கினாராம். உங்கள் பிள்ளையின் முதல் சேர்வுகளை நான் பிழையாக எண்ணிப்போட்டேன், பிழை என்னுடையது என்றாராம். அவளுடைய அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. காசு கொடுக்கப் பார்த்திருக்கிறார். மாமா கோபித்துக்கொண்டு வந்துவிட்டாராம்.

"உங்கட மாமா நல்ல பகிடி," என்றாள் அவள்.

அவள் கண்டிக்குப் போனாள். நான் போகவில்லை.

சேர் அந்த முடிவைச் சொன்ன பின்னேரம் நான் பஸ்ஸால் இறங்கி நேரே வீட்டுக்குப் போக நினைத்தேன். ஆனால் வீட்டுக்குப் போகிற வழி கரையோடுதான். வலை அப்போதுதான் ஏறியிருந்தது. நடுவில் மீன் குவியல். சுற்றிவர இழுத்த ஆட்கள், பெண்கள், கூடைகள். மாமா பிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையிலிருந்த மீனை அப்படியே வைத்திருந்தபடி கத்தினார்.

"இந்தா வருது! இந்தப் பிள்ளைதான்! இவ்வளவு காலமும் பிரிச்சனான், என்ர எண்ணிக்கையைப் பிழையெண்டு இந்தக் கரையில ஒருத்தன் காட்டினவனோ? இவள் பஸ்ஸுக்குள்ள இருந்துகொண்டு காட்டிப்போட்டாள்! அந்த ஆட்டத்தில பிழையிலயும் ரெண்டு சாதி இருக்காம், ஒண்டு கணக்கு, ஒண்டு கணக்கில்லையாம். எனக்குத் தெரியுமோ? உங்களுக்குத் தெரியுமோ?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கயிற்றுத் தலைப்பில் இருந்த ஒரு பெரியவர், "அப்ப இனி பிள்ளையே பங்கு பிரிக்கட்டும்" என்றார். கரை முழுவதும் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மாமா.

நான் தோற்றதைப் பஸ்ஸில் சொன்னது போதாது, பள்ளிக்கூட வாசலில் சொன்னது போதாது, துறைமுகக் குடியிருப்பில் சொன்னது போதாது, இப்போது சல்லிக் கரை முழுவதற்கும் சொல்லியாகிவிட்டது. புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒருவரையும் பாராமல் வீட்டுக்கு ஓடினேன். அம்மா அடுப்படியில் இருந்தார்.

"அம்மா, நான் தோத்ததுக்கு மாமாவுக்கு ஏன் இவ்வளவு சந்தோசம்?"

அம்மா என்னைப் பார்த்தார். கரையிலிருந்து மாமாவின் குரல் அங்கேவரைக்கும் கேட்டது. யாரோ புதிதாக வந்திருக்க வேண்டும், கதையைத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியிருந்தார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி, உலை மூடியைத் திறந்தார். அவரும் சிரிக்கிறார் என்று கண்டதும் எனக்கு இன்னும் அழுகை வந்தது.